உப்புத் தெளிப்புச் சான்றிதழை நம்பிக் கையெழுத்திடலாமா?

கேள்வி: அபுதாபியில் ஓர் எண்ணெய்க்கள ஒப்பந்த நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு 5 விழுக்காடு கலந்த எரிவாயுக் கிணற்றுக்கு, உட்புறம் எபாக்சி-பினாலிக் பூச்சு பூசிய டியூபிங் குழாய்கள் (கிணற்றுக்குள்ளிருந்து வாயு மேலேறி வரும் உட்குழாய்கள்) வாங்க இருக்கிறோம். அடிப்பகுதி வெப்பம் 130 டிகிரி, அழுத்தம் 350 பார். 3,000 மணி நேர உப்புத் தெளிப்புச் சோதனைச் சான்றிதழைக் காட்டும் ஏஜென்ட், இந்தப் பூச்சு அரிப்பையும், குழாய்ச் சுவரில் தாதுக்கள் படிந்து இறுகும் படிவையும் சேர்த்தே தடுக்கும் என்கிறார். ஒப்புதல் படிவத்தில் நான்தான் கையெழுத்திட வேண்டும். இது போதுமா?

பதில்: போதாது. கையெழுத்திடாதீர்கள்.

உப்புத் தெளிப்புச் சோதனை என்பது, 35 டிகிரி வெப்பத்தில், சாதாரணக் காற்றழுத்தத்தில், 5 விழுக்காடு உப்புநீரைப் பனிபோலத் தெளித்துக்கொண்டே இருப்பது. அந்தப் பெட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் இல்லை, கார்பன் டை ஆக்சைடும் இல்லை, அழுத்தமும் இல்லை. கடற்கரையில் நிற்கும் கைப்பிடிக் கம்பிக்கு அது ஏதோ ஓர் அளவுக்குப் பொருந்தும். உங்கள் கிணற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 3,000 மணி நேரத்தை 30,000 ஆக்கினாலும் சொல்லாது.

நீங்கள் கேட்க வேண்டியது ஆட்டோகிளேவ் சோதனை, அதாவது மூடிய அழுத்தக் கலனில் செய்யும் சோதனை. உட்பூச்சுகளுக்கென்றே, அரிப்புத் துறைப் பொறியாளர்களின் அமைப்பான நேஸ் வகுத்த டி.எம். 0185 என்ற முறை இருக்கிறது. பூசிய மாதிரித் துண்டை ஓர் அழுத்தக் கலனுக்குள் நிறுத்தி, அடியில் உப்புநீர், நடுவில் எண்ணெய், மேலே வாயு என்று மூன்று நிலைகளிலும் அது ஒரே நேரத்தில் நிற்கும்படி செய்து, கிணற்றின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்றி, பிறகு அழுத்தத்தை இறக்குவார்கள். பூச்சுகள் பல நேரம் தோற்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அழுத்தத்தில் இருக்கும்போது வாயு பூச்சுக்குள் ஊறி நிறைந்திருக்கும். அழுத்தம் சட்டென்று இறங்கினால், கோலி சோடாவைத் திறந்ததுபோல் அது வெளியேறத் துடித்துப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். கிணற்றை அவசரமாகத் திறந்து அழுத்தம் இறக்கும் ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் நடப்பதும் இதுவே. அதனால் அறிக்கையில் முதலில் தேட வேண்டியது, எவ்வளவு நேரத்தில் அழுத்தத்தை இறக்கினார்கள் என்ற வரி. அந்த வரி இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வெளியே எடுத்த துண்டைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. கத்தியால் பெருக்கல் குறிபோலக் கீறி, கோடுகள் வெட்டும் முனையில் கத்தி நுனியை நுழைத்து நெம்ப வேண்டும். நல்ல பூச்சு பொடிப்பொடியாகத்தான் பெயரும். கெட்டது தோல்போல உரிந்து வரும், அடியில் எஃகு கறுத்திருக்கும். இதனுடன் சோதனைக்கு முன்னும் பின்னும் மின்மறுப்பு அளவையும் (பூச்சு மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை) கேளுங்கள். நல்ல பூச்சில் அது சதுர சென்டிமீட்டர் கணக்கில் 100 கோடி ஓமுக்கு மேல் இருக்கும். 10 லட்சத்துக்குக் கீழே விழுந்திருந்தால், பார்வைக்கு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தப் பூச்சின் கதை முடிந்துவிட்டது.

இனி, ஆட்டோகிளேவ் அறிக்கையே வந்துவிட்டது என்று நிம்மதியடையாதீர்கள். ஏஜென்ட்டுகள் அதிகம் விளையாடும் இடம் ஹைட்ரஜன் சல்பைடின் அளவுதான். உங்கள் கிணற்றில் 350 பாரில் 5 விழுக்காடு என்றால் அதன் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு, 17.5 பார். அவர்கள் கொண்டுவரும் அறிக்கையில் மொத்த அழுத்தம் 70 பார், ஹைட்ரஜன் சல்பைடு அரை விழுக்காடு என்று இருந்தால், பகுதி அழுத்தம் 0.35 பார்தான். உங்கள் கிணற்றில் இருப்பதில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் அட்டையில் ‘சவர் கேஸ் (ஹைட்ரஜன் சல்பைடு கலந்த வாயு) சோதனையில் தேறியது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டு எண்களைப் பெருக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும், அதைச் செய்யாமல் முத்திரை குத்தும் இன்ஸ்பெக்டர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அடுத்த மோசடி மாதிரித் துண்டு. ஒரு யார்டில், சோதனைக்குப் போன துண்டுகள் மேசைமேல் வைத்து, மணல் வீசித் துப்புரவாக்கி, கையால் நிதானமாகப் பூசப்பட்டிருந்தன. குழாய்களோ உள்ளே நீண்ட குழல் விட்டு விரைவாகத் தெளிக்கப்பட்டவை. சான்றிதழ் அருமையாக இருந்தது. வந்த குழாயின் முனையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி நான் பார்த்தபோது, பூச்சின் கனம் ஒரு பக்கம் 200 மைக்ரானும் எதிர்ப்பக்கம் 60 மைக்ரானும் இருந்தது. ஆகவே, பூசி முடித்த குழாய்களில் நீங்களே ஒன்றைத் தேர்ந்து வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய துண்டில் உங்கள் கையால் குறியிட்டு, ஏஜென்ட்டின் கைக்குப் போகாமல் நேரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு குழாயையும் ஊசித்துளைக் குறைக்காக ஈரப்பஞ்சுக் கருவியால் முழு நீளமும் சோதிக்கச் சொல்லுங்கள். பத்தில் ஒன்று என்ற பேரத்துக்கு இணங்காதீர்கள். நூறு மீட்டர் பூச்சு நன்றாக இருந்து ஒரு துளை இருந்தாலும், அரிப்பு அந்தத் துளைக்குள்ளேயே இறங்கும்.

பூச்சு இருப்பதால் எஃகின் தரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் ஏஜென்ட் சொல்லக்கூடும். ஹைட்ரஜன் சல்பைடு உள்ள இடங்களில் பயன்படும் உலோகங்களுக்கான சர்வதேசத் தரநெறி ஐ.எஸ்.ஓ. 15156 இதைத் தெளிவாக மறுக்கிறது: சல்பைடு தகைவு விரிசலை (இழுவிசையில் இருக்கும் எஃகு இந்த வாயுவால் விரிவதை) தடுக்கும் வழியாகப் பூச்சை ஏற்க முடியாது. காரணம் எளிது. வாயு பூச்சை ஊடுருவிச் செல்லும், எஃகு கடினமானதாக இருந்தால் விரிசல் விடும். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 22 என்ற பொது வரம்பு பூச்சு பூசிய எஃகுக்கும் உண்டு. கடினம் மிகுந்த எஃகின் கதி என்ன என்பதைக் கஜகஸ்தானின் கஷகான் களம் காட்டியது: 2013 செப்டம்பரில் தொடங்கிய உற்பத்தி, குழாய்வழிகளின் பற்றவைப்புகளில் சல்பைடு விரிசல் கண்டதால் சில வாரங்களில் நின்றது, குழாய்களை மாற்றி மறுபடி தொடங்க 2016 ஆகிவிட்டது.

இப்போது படிவு. ஏஜென்ட்டின் பேச்சில் பாதி உண்மை இருப்பது இங்கேதான், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கால்சியம் கார்பனேட்டும் பேரியம் சல்பேட்டும் தண்ணீருக்குள்ளேயே பிறப்பவை. அழுத்தம் இறங்கினாலோ, ஒவ்வாத இரண்டு நீர்கள் கலந்தாலோ, கண்ணாடிச் சுவரில்கூட அவை படியும். வழவழப்பான பூச்சில் அவற்றின் பிடி சற்றுத் தளர்வாக இருக்கும், அவ்வளவே. இரும்பு சல்பைடு மட்டும் விதிவிலக்கு. சவூதியின் குஃப் பாறையடுக்குக் கிணறுகளில் நெடுநாள் தொல்லையான இந்தக் கருப்புப் படிவுக்கு வேண்டிய இரும்பில் ஒரு பங்கைக் குழாயின் எஃகே கொடுக்கிறது. எஃகைப் பூச்சு மூடினால் அந்தப் பங்கு நிற்கும். ஆனால் பாறையிலிருந்து வரும் இரும்பு நிற்காது. பூசாத இணைப்புகளிலிருந்தும், டியூபிங்குக்குக் கீழே கிணற்றின் சுவராக நிற்கும் கேசிங் குழாயிலிருந்தும் வருவது நிற்காது. எனவே உங்கள் கிணற்றின் படிவை ஆய்வகத்தில் பகுத்து, பெரும்பங்கு இரும்பு சல்பைடா என்று பாருங்கள். ஆம் என்றால், அந்த இரும்பு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். குழாயிலிருந்துதான் என்றால் மட்டுமே ஏஜென்ட் சொல்வதில் பொருள் இருக்கிறது. அப்போதும் உங்கள் கிணற்று நீரின் அதே கலவையைப் பூசிய குழாய் ஒன்றிலும் பூசாத குழாய் ஒன்றிலும் ஓடவிட்டு ஒப்பிட்ட சோதனையைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் உப்புநீரில் நடந்த ஆட்டோகிளேவ் சோதனை படிவைப் பற்றிப் பேசாது. படிவு வந்தபின் அதை அரைத்தெடுக்கும் கருவியும் கருவிகளை இறக்கி ஏற்றும் வயர்லைன் கம்பியும் பூச்சையும் சேர்த்தே சுரண்டிவிடும் என்பதைச் சொல்லும் ஏஜென்ட் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. இன்னும் ஒன்று: கருத்த துண்டைக் கழுவிப் பார்க்கலாம் என்று யார்டில் யாரும் அமிலம் ஊற்ற விடாதீர்கள், இரும்பு சல்பைடின்மேல் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அது ஆளைக் கொல்லும்.

இதையெல்லாம் கேட்டால் தாமதமாகும் என்பார்கள். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்ற ஏற்பாட்டில், சோதனைக்குச் செலவழித்த நேர்மையான நிறுவனம் முதல் சுற்றிலேயே வெளியே போகிறது. பூச்சு தோற்றால், துளையிடும் ரிக்கைக் கொண்டுவந்து குழாய் முழுவதையும் உருவியெடுக்கும் செலவு அந்த விலைப்பட்டியலில் எங்குமே இல்லை. இந்த முறை மாற வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம், கேட்பாரில்லை. உங்கள் கையில் இருப்பது அந்தப் படிவம் ஒன்றுதான். ‘130 டிகிரி, 350 பார், ஹைட்ரஜன் சல்பைடு பகுதி அழுத்தம் 17.5 பார் என்ற நிலைமைகளில் சோதிக்கப்படவில்லை’ என்று குறிப்புப் பகுதியில் எழுதி, தேதியிட்டு, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள்.