ஒரு சபையை ‘வெறுப்புக் குழு’ என்று எழுதியதற்கு வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். எங்கள் தமிழ்ச் சபையைச் சேர்ந்த 23 வயதுப் பையன் இறந்துபோனான். தன்பாலீர்ப்பாளன் என்பதை மறைக்காமல் வாழ்ந்தவன். அடக்க ஆராதனை அன்று, பத்துப் பன்னிரண்டு குடும்பங்களே உள்ள ஒரு தனிச் சபையிலிருந்து ஆறு பேர் வந்து, ‘இவன் நரகத்தில் இருக்கிறான்’ என்ற அட்டைகளோடு எதிர் நடைபாதையில் நின்றார்கள். அதை வீடியோ எடுத்துத் தங்கள் யூடியூப் சேனலிலும் போட்டார்கள். அன்றிரவு ஊர் ஃபேஸ்புக் குழுவில் நான் எழுதினேன்: “இவர்கள் கிறிஸ்தவர்களே இல்லை, இது ஒரு வெறுப்புக் குழு. பிள்ளைகளைக் காயம் வரும்வரை அடிக்கிறார்கள். காணிக்கைப் பணத்தைப் பாஸ்டர் சுருட்டுகிறார்.” இப்போது அவர்களுடைய வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறார். 10 நாளில் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்காவிட்டால் 2,50,000 டாலர் கேட்டு மானநஷ்ட வழக்கு போடுவார்களாம். இந்த மாதிரிச் சபைகளைச் சட்டப்படி வெறுப்புக் குழு என்று சொல்லலாமா, கூடாதா? என் கணவர் ஹெச்-1பி விசாவில் இருக்கிறார், அதற்கு ஆபத்து வருமா? அடுத்த மாதம் நினைவுக் கூட்டம் வைக்கிறோம். அவர்கள் வராமல் தடுக்க முடியுமா?

பதில்: முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அவதூறு இன்றும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு வழி இருக்கிறது. அந்த நினைப்போடு வளர்ந்தவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் என்றதும் போலீஸ் வாசலுக்கு வந்துவிடும் என்று தோன்றும். கலிஃபோர்னியாவில் இது வெறும் சிவில் தகராறு. கைது கிடையாது. வழக்கே வந்தாலும் அது குற்றப் பதிவாகாது, உங்கள் கணவரின் விசாவை அது தொடாது.

உங்களைக் கவலைப்பட வைத்திருக்கும் ‘வெறுப்புக் குழு’ என்ற சொல்தான் உங்கள் பதிவிலேயே பத்திரமான சொல். ஆபத்து அதற்கு அடுத்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டத்தில் ‘வெறுப்புக் குழு’ என்று ஒரு அமைப்பை அறிவிக்கும் அதிகாரம் எந்த அரசு அலுவலகத்துக்கும் கிடையாது. வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளை வெளியுறவுத் துறை பட்டியல் போடலாம். உள்நாட்டு அமைப்புக்கு, அது சபையானாலும் சங்கமானாலும், அப்படி ஒரு பட்டியல் இல்லை. எஃப்பிஐ வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரம் சேகரிப்பதற்கான கையேட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. அது கணக்கெடுப்புக்கு மட்டுமே, அதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. பத்திரிகைகளில் நீங்கள் பார்க்கும் பட்டியல் அலபாமாவின் மான்ட்கோமரியில் உள்ள சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற தனியார் அமைப்புடையது. ஓரினச் சேர்க்கை வேதத்துக்கு விரோதம் என்று நம்புவது மட்டுமே பட்டியலில் சேர்க்கக் காரணமாகாது என்று அவர்களே சொல்கிறார்கள். ஒரு வகுப்பு மக்களை மொத்தமாக இழிவுபடுத்துவதும் அவர்களைப் பற்றிப் பொய் பரப்புவதும்தான் அவர்கள் பார்க்கும் அளவுகோல். உங்கள் பதிவைத் திருத்தும்போது இந்தக் கோட்டை மனதில் வையுங்கள். கண்டிப்பான உபதேசம் உள்ள சபையெல்லாம் வெறுப்புக் குழு ஆகிவிடாது.

இந்தப் பட்டியலை எதிர்த்தே வழக்கு நடந்திருக்கிறது. ஃப்ளோரிடாவின் கோரல் ரிட்ஜ் மினிஸ்ட்ரீஸ் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு, தன்னை வெறுப்புக் குழு என்று பட்டியலிட்டதற்காக 2017-ல் அந்த மையத்தின் மீது அவதூறு வழக்கு போட்டது. அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் உண்டு, அதை உண்மை என்றோ பொய் என்றோ நிரூபிக்க முடியாது என்பதும் 2019-ல் மாவட்ட நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று; வழக்கு தள்ளுபடி ஆனது. 2021-ல் 11-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது, ஆனால் வேறு காரணத்துக்காக: அந்த மையம் பொய் என்று தெரிந்தோ, பொய்யா மெய்யா என்று கவலைப்படாமலோ எழுதியது என்பதற்கு மனுவில் போதுமான விவரம் இல்லை என்றது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. நீதிபதி தாமஸ் மட்டும் எடுத்திருக்க வேண்டும் என்று தனியே எழுதினார். இந்தத் தீர்ப்பு கலிஃபோர்னியா நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்.

இனி உங்கள் பதிவை வாக்கியம் வாக்கியமாகப் பார்ப்போம்.

“கிறிஸ்தவர்களே இல்லை” என்பது விசுவாசம் பற்றிய கருத்து. யார் உண்மையான கிறிஸ்தவர், எது துர்உபதேசம் என்று எந்த அமெரிக்க நீதிபதியும் தீர்ப்பு சொல்லமாட்டார். “வெறுப்புக் குழு” என்பதும் கருத்துதான், அதுவும் எல்லோரும் பார்த்த ஒரு செயலைக் கண்ட அன்றே சொன்ன கருத்து. அடிப்படை உண்மையைக் கூடவே எழுதிவிட்டால் கருத்துக்கான பாதுகாப்பு இன்னும் பலப்படும். நீங்கள் அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் விட்டதுதான் குறை.

“காயம் வரும்வரை அடிக்கிறார்கள்” என்பது கருத்து அல்ல, ஒரு குற்றச்சாட்டு. நடந்ததா இல்லையா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். “பணத்தைச் சுருட்டுகிறார்” என்பதும் அப்படித்தான். குறிப்பிட்ட ஒரு மனிதர் திருடுகிறார் என்று சொல்கிறது. ‘என் அபிப்பிராயத்தில்’ என்று முன்னால் சேர்த்தாலும் இவை தப்பாது. கருத்துப்போலச் சொன்னாலும் உள்ளே பொய்யான தகவல் இருந்தால் வழக்கு நிற்கும் என்று 1990-ல் மில்கோவிச் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெருவில் அட்டை பிடித்து யூடியூபிலும் போடுகிற சபை அந்த விவகாரத்தில் பொதுவெளிக்கு வந்துவிட்ட தரப்பு. ஆகையால் நீங்கள் தெரிந்தே பொய் சொன்னீர்கள் அல்லது பொய்யா மெய்யா என்று கவலைப்படாமலே எழுதினீர்கள் என்று அவர்கள் வலுவாக நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆனால் பாஸ்டரின் பணக் கணக்கு அந்தப் பொது விவகாரத்தில் சேராது என்று அவர் தனி ஆளாக வாதாடலாம். அந்த வாதம் எடுபட்டால் நீங்கள் போதிய கவனம் இல்லாமல் எழுதினீர்கள் என்று காட்டினாலே போதும். இந்த இரண்டு விஷயமும் உங்களுக்கு எப்படித் தெரியும்? நேரில் பார்த்தவர் யார்? அவர் சத்தியப் பிரமாணம் கொடுப்பாரா? இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால் அந்த வாக்கியங்களுக்காகப் போராடாதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: பதிவு, தேதி, கீழே உள்ள எல்லா கமென்ட்டுகள், முகவரி வரி உட்பட ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அவர்களுடைய வீடியோவையும் டவுன்லோட் செய்துவிடுங்கள், நாளைக்கு அதை எடுத்துவிடக்கூடும். சேமிக்காமல் பதிவை அழிப்பது பெரிய தவறு. சாட்சியத்தை அழித்தீர்கள் என்று அதையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள். சேமித்த பிறகு அந்த இரண்டு வாக்கியங்களையும் எடுத்துவிட்டு இப்படித் திருத்துங்கள்: “அடக்க ஆராதனைக்கு எதிரே ‘இவன் நரகத்தில் இருக்கிறான்’ என்ற அட்டைகளோடு ஆறு பேர் நின்றார்கள். இதைச் செய்யும் சபையை நான் வெறுப்புக் குழு என்றே கருதுகிறேன். பிள்ளைகள் பற்றியும் காணிக்கை பற்றியும் முன்பு எழுதியது என் நேரடி அறிவில் இல்லாதது, அதைத் திரும்பப் பெறுகிறேன்.” சொன்ன கருத்துக்கு மன்னிப்பு வேண்டியதில்லை. திருத்தும் முன் இந்த வாசகத்தை உங்கள் வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும்.

அந்தக் கடிதம் கோர்ட் காகிதம் அல்ல. 10 நாள் என்பது அவர் தானாக வைத்த கெடு. அனுப்பியவர் உண்மையில் வக்கீல்தானா என்று கலிஃபோர்னியா ஸ்டேட் பார் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பாஸ்டருக்கோ வக்கீலுக்கோ நீங்களே பதில் எழுத வேண்டாம், வாட்ஸ்அப்பில் சபையாரோடு இதை அலசவும் வேண்டாம். அந்த அரட்டை முழுவதும் பிறகு கோர்ட்டுக்கு வரக்கூடும். உங்கள் பதிவை அப்படியே ஷேர் செய்தவர்களுக்குப் பயமில்லை. இணையத்தில் மற்றவர் எழுதியதை மாற்றாமல் பரப்புகிறவருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் 230-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2006-லேயே பாரெட் வழக்கில் சொன்னது. மேலே சொந்தமாக ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த வரிக்கு அவர்களே பொறுப்பு.

வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். ‘பெர்சனல் இன்ஜுரி’ என்ற கூடுதல் பிரிவு அல்லது அம்ப்ரெல்லா பாலிசி இருந்தால் பெரும்பாலும் அவதூறு வழக்கின் வக்கீல் செலவையும் அது ஏற்கும். ஆனால் கடிதம் வந்தவுடன் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வழக்கு என்று வந்தால், அதாவது சம்மனும் மனுவும் உங்கள் கையில் தரப்பட்டால், பதில் தர 30 நாள். அதைவிட முக்கியமானது 60 நாள் கெடு. பொது விஷயத்தில் பேசியவரை வழக்கால் மிரட்டுவதைத் தடுக்க கலிஃபோர்னியாவில் ஆன்டி-ஸ்லாப் சட்டம் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம் 425.16-வது பிரிவு. 60 நாளுக்குள் மனு போட்டால் ஆவணம் கேட்பது, வாக்குமூலம் எடுப்பது எல்லாம் நின்றுவிடும். வழக்கில் சாரம் இருக்கிறது என்று அவர்கள் அப்போதே சாட்சியத்தோடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வழக்கு போய்விடும், உங்கள் வக்கீல் கட்டணத்தையும் அவர்களே தர வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: 2016-ல் பாரல் தீர்ப்பு வந்த பிறகு நீதிமன்றம் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கிறது. ‘வெறுப்புக் குழு’ பகுதி அடிபட்டுப் போகும், ‘சுருட்டுகிறார்’ பகுதி தங்கிவிடலாம். அதனால்தான் அந்த இரண்டு வாக்கியங்களை இப்போதே கழற்றச் சொல்கிறேன். பதிவிட்ட நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் அவர்கள் வழக்கு போடாவிட்டால் விஷயம் முடிந்தது.

பிள்ளைகள் அடிபடுகிறார்கள் என்று உண்மையிலேயே சந்தேகப்பட்டால் ஃபேஸ்புக்கில் எழுதிப் பயனில்லை, அலமேடா கவுன்டியின் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். தெரிந்தே பொய்ப் புகார் கொடுக்காதவரை உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. காணிக்கைப் பணம் பற்றி ஆதாரம் கிடைத்தால் வருமான வரித் துறைக்கு 13909 என்ற படிவம் இருக்கிறது.

சரி, அட்டை பிடித்தவர்களைச் சட்டம் ஒன்றும் செய்யாதா? கான்சஸ் மாநிலம் டொபீகாவின் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச் இதே வேலையை நாடு முழுக்கச் செய்தது. ஈராக்கில் இறந்த மெத்யூ ஸ்னைடர் என்ற படைவீரரின் அடக்கத்துக்கு 2006-ல் மேரிலாந்தில் ஏழு பேர் அட்டைகளோடு போனார்கள். தகப்பனார் வழக்கு போட, ஜூரி 1 கோடியே 9 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தது. 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அந்தச் சபையின் பக்கமே தீர்ப்பளித்தது. காரணத்தைக் கவனியுங்கள்: பொது இடம், தேவாலயத்திலிருந்து சுமார் 1,000 அடி தூரம், போலீஸ் சொன்ன இடத்தில் நின்றார்கள், பேசியது பொது விஷயம். தகப்பனின் துக்கத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை, ஆனால் அந்தப் பேச்சுக்குத் தண்டனை இல்லை என்றது. மனதுக்கு ஒப்பாத தீர்ப்புதான். ஆனால் உங்கள் பதிவைக் காப்பாற்றப்போவதும் இதே பேச்சுரிமைதான்.

அந்த 1,000 அடிதான் உங்களுக்குச் சாதகம். உங்கள் ஊரில் அந்த ஆறு பேர் நின்றது எதிர் நடைபாதையில். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 594.37, அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, 300 அடிக்குள் பொது இடத்தில் அதைக் குறிவைத்து மறியல் செய்வதைக் குற்றமாக்குகிறது. 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. இதே போன்ற ஒஹாயோ மாநிலத்தின் 300 அடிச் சட்டத்தை 2008-ல் 6-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. உங்கள் விஷயத்தில் அந்தச் சபையார் போட்ட வீடியோவே சாட்சி. கூகுள் மேப்ஸில் தூரம் அளக்கும் வசதியில் தேவாலய வாசலிலிருந்து அவர்கள் நின்ற இடத்தை அளந்து, நேரத்தையும் குறித்து, போலீஸில் புகார் கொடுங்கள். இதற்கும் காலக்கெடு ஓர் ஆண்டு. ஒன்று மட்டும்: வக்கீல் கடிதத்துக்குப் பதிலாக ‘போலீஸுக்குப் போவேன்’ என்று மிரட்டிப் பேரம் பேசாதீர்கள். அது மிரட்டிப் பறிப்பு என்று உங்கள் மேலேயே திரும்பலாம்.

அடுத்த மாத நினைவுக் கூட்டம் வேறு கதை. அந்தப் பிரிவு அடக்கத்தோடு அல்லது தகனத்தோடு சேர்ந்த ஆராதனையைத்தான் சொல்கிறது, பிறகு வைக்கும் கூட்டத்துக்குப் பொருந்தும் என்று நம்பி இருக்க முடியாது. கூட்டத்தை ஆலயத்துக்குள்ளேயே வையுங்கள். வளாகமும் பார்க்கிங்கும் தனியார் இடம் என்று சபையின் பெயரில் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, நகலைப் போலீஸ் நிலையத்தில் கொடுங்கள். ஆராதனை கெடும்படி ஒலிபெருக்கி வைத்துக் கத்தினால் தண்டனைச் சட்டம் 302 இருக்கிறது. நடைபாதையில் அமைதியாக அட்டையோடு நின்றால் யாரும் விலக்க முடியாது.

1999-ல் வயோமிங்கின் லாரமியில், கொல்லப்பட்ட மெத்யூ ஷெப்பர்ட் வழக்கின்போது வெஸ்ட்போரோ ஆட்கள் அட்டைகளோடு வந்தார்கள். அவனுடைய நண்பர்கள் வெள்ளைத் துணியில் பெரிய இறக்கைகள் செய்து தோளில் மாட்டி, அவர்களைச் சுற்றி வாய் பேசாமல் நின்று அட்டைகளை மறைத்தார்கள். நீங்களும் பெரிய வெள்ளைக் குடைகளோடு ஆலய வாசலில் வரிசையாக நிற்கலாம். நடைபாதையில் ஆள் போக வழி விடுங்கள், அவர்கள் அட்டையைத் தொடாதீர்கள், ஒருவர் மட்டும் ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுக்கட்டும். பையனின் அம்மா உள்ளே வரும் வழி குடைகளுக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும்.