வாசகர் கேள்வி பதில்: மடையும் வயலும் ஒரே கையில்

கேள்வி: தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து திறமூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் முடிகிற மாதிரி, எழுதி வருகிறோம். ஆரம்பித்த அண்ணன் போன வருடம் அதை வைத்தே கம்பெனி தொடங்கினார். கம்பெனி காசுக்கு விற்கிற ஒரு வசதியை நான் இலவசமாக எழுதி அனுப்பினேன், மூன்று மாதமாக அவர் சேர்க்காமல் அப்படியே கிடக்கிறது. நல்ல மனிதர்தான். கேட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஆக மாட்டீர்கள், தாராளமாகக் கேளுங்கள். அவர் கம்பெனி வைத்ததில் தப்பே இல்லை, திறமூல உரிமம் அதை அனுமதிக்கிறது. ஆனால் குளத்து மடையைத் திறக்கிற நீர்பாய்ச்சிக்கு அதே ஆயக்கட்டில் சொந்த வயலும் இருந்தால், அவர் நியாயமாகவே தண்ணீர் விட்டாலும் கடைமடைக்காரர் நம்ப மாட்டார் இல்லையா? உங்கள் நிரலில் உண்மையிலேயே குறை இருந்து அவர் நிறுத்தி வைத்திருக்கலாம். அதையும் இப்போது யாரும் நம்பப் போவதில்லை, அவருக்கும் இது நல்லதல்ல.

இணையதளம் கட்ட உதவும் திறமூல மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் இதுதான் பெரிதாக வெடித்தது. பெயருரிமை 2010-இல் தொடங்கிய அறக்கட்டளையிடம் இருந்தது, ஆனால் எல்லோரும் பிளக்இன் என்கிற கூடுதல் வசதிகளை இறக்குகிற வேர்ட்பிரஸ்.ஆர்க் தளம் நிறுவனர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக் கையில், அவரே ஆட்டோமேட்டிக் கம்பெனியின் தலைவரும்கூட. 2024 செப்டம்பரில் போட்டிக் கம்பெனியான டபிள்யூபி எஞ்சினுக்கு அந்தத் தளம் அடைக்கப்பட்டது, டிசம்பரில் கலிஃபோர்னியா நீதிமன்றம் திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. நடுவில் தவித்தது சாதாரணத் தள உரிமையாளர்கள். அறக்கட்டளை என்று ஒன்று இருந்தால் போதாது, சாவி யாரிடம் என்பதைப் பார்க்க வேண்டும்.

பைத்தான் என்ற நிரல் மொழியில் வேறு வழி. அதை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018-இல் விலகியதும் ஐந்து பேர் குழுவைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

நாலைந்து பேருக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். கம்பெனி வருமானத்தைத் தொடுகிற மாற்றம் வந்தால் அண்ணன் ஒதுங்கிக்கொள்ள, மற்ற இரண்டு பேர் பார்த்து முடிவு சொல்லட்டும், இதை ஒரு பக்கத்தில் எழுதி நிரலோடு சேர்த்து வையுங்கள். சர்வர் சாவி இன்னொருவரிடமும் இருக்கட்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தில் சங்கமாகவே பதிந்து, டொமைனை அதன் பெயருக்கு மாற்றிவிடலாம். நிரலை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரிவதற்கு உரிமம் இடம் தரும்தான், ஆனால் இத்தனை நாள் சம்பாதித்த பெயர் உங்களோடு வராது, அதனால் அதைக் கடைசியில் யோசியுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டு உடைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பேசுங்கள். மூன்று மாதமாகக் கிடக்கிற அந்த நிரலைப் பற்றி முதலில் கேளுங்கள்.