கிண்ணத்தில் துடிக்கும் கணவாய்

கேள்வி: சோற்றுக் கிண்ணத்தின் மேல் வைத்த கணவாய் மீன் மீது சாஸ் ஊற்றியதும் அது கால்களை உதறித் துடிக்கிற வீடியோ எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறதே, பார்த்தீர்களா? உயிரோடு வதைத்துத் தின்கிற இவர்களெல்லாம் மனிதர்கள்தானா?

பதில்: பார்த்தேன். துடிக்கிறது என்பது சரி. உயிரோடு என்பதை நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள்.

இது ஜப்பானின் வடக்கே, ஹக்கொடாத்தே என்ற துறைமுக நகரத்துப் பண்டம். கணவாய்க்குப் பேர்போன ஊர் அது. கிண்ணம் மேசைக்கு வரும் முன்பே கணவாயைக் கொன்று, உடற்பகுதியை அறுத்துத் துண்டு போட்டுவிடுகிறார்கள். மேலே உட்கார்ந்திருப்பது மிச்சம். அப்போதுதான் வெட்டியது என்பதால் தசை செல்களில் ஏடிபி என்கிற ஆற்றல் சரக்கு இன்னும் தீர்ந்திருக்காது. சோயா சாஸில் இருக்கும் சோடியம் பட்டதும் தசை சுருங்கி விரிகிறது. புதிதாக வெட்டிய தவளைக் காலில் உப்புப் போட்டாலும் இதே கதைதான். மூளையின் தொடர்பே அறுந்துபோன தசைக்கு வலி ஏது? சாப்பிட வந்தவருக்கு அந்தத் துடிப்பு சொல்வது ஒன்றே ஒன்று: சரக்கு புதுசு. இதெல்லாம் அரை நிமிட வீடியோவில் வராது. வந்தால் யார் பகிர்வார்கள்?

ஒகோனொமியாகி என்ற ஜப்பானிய அடையின் மேல் சூட்டோடு தூவிய காய்ந்த மீன் சீவல் நெளிவதைப் புழு என்று நினைப்பவர்களும் உண்டு. ஆவி பட்டு அசைகிறது, அவ்வளவுதான்.

இதை வெறும் அறியாமை என்று விட்டுவிடவும் முடியாது. 2020 ஜனவரியில் ஒரு பெண் வௌவால் சூப் குடிக்கும் வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. வூகான் சந்தையில் எடுத்தது, கொரோனா வந்ததே இதனால்தான் என்றார்கள். உண்மையில் அது 2016-ல், பசிபிக் கடலில் இருக்கும் பலாவ் தீவு நாட்டில், ஒரு பயண நிகழ்ச்சிக்காக எடுத்தது. பழந்தின்னி வௌவால் சூப் அங்கே தெரிந்த பண்டம்தான். வேறு நாடு, வேறு வருஷம். ஆனாலும் வசவு முழுவதும் வூகான்காரர்களுக்குப் போனது.

அதற்காக எந்தச் சாப்பாட்டையும் குறை சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மீனை உயிரோடு அறுத்துப் பரிமாறும் இகிசுகுரி என்ற முறை அதே ஜப்பானில் உண்டு. அதைக் கண்டியுங்கள், நானும் கூட வருகிறேன். அப்படியே, சிங்கி இறாலை உயிரோடு கொதிநீரில் போடுகிற ஐரோப்பியச் சமையலறைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்து அதைத் தடை செய்ததே 2018-ல்தான். அங்கே மட்டும் 'மனிதர்கள்தானா' என்ற கேள்வி ஏன் எழவில்லை?

போகட்டும், இந்த வீடியோவை உங்களுக்கு அனுப்பியவரிடம் இது எந்த ஊர், என்ன பண்டம் என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் வேறு யாரோ அனுப்பியிருப்பார்கள்.