ஒரு நாளைக்கு ஒன்று போதும்

கேள்வி: பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கிப் பத்து நாளாகிறது. மகனுக்கு வயது 10, மகளுக்கு 6. இந்த முறை ஒரு நாளும் வீணாகக் கூடாது என்று காலை 7 மணியிலிருந்து இரவு 9 வரை அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். நீச்சல், ஓவியம், வாசிப்பு, தினம் ஒரு படம். நாலாம் நாளே எல்லாம் கலைந்துவிட்டது. இப்போது காலையில் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் இரவுவரை எழுவதில்லை. எழுந்தால் 'போர் அடிக்குதும்மா' என்கிறார்கள். நீச்சல் குளத்தில் மகள் துள்ளிக் குதிக்கிறாள். மகனோ படிக்கட்டை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். 'தங்கச்சியைப் பார்த்துக் கத்துக்கோ' என்று அதட்டினேன், அழுதுவிட்டான். இதற்கு நடுவே பிள்ளைகளின் அறைக்குப் பெயின்ட் அடிப்பது, புத்தக அலமாரி செய்வது, பழைய சாமான்களை ஒழிப்பது என்று எனக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. கணவர் வேலை முடிந்து வர இரவாகிவிடும். மீதி ஐந்து வாரத்தில் இதையெல்லாம் எப்படி முடிப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் உங்கள் மகனைப் பற்றிப் பேசிவிடலாம். அலமாரியும் பெயின்ட்டும் காத்திருக்கும்.

அவனைத் தங்கையோடு ஒப்பிட்டது தவறு. உங்களுக்கே மனசு உறுத்தியதால்தான் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'அன்னைக்கு அம்மா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது' என்று சொல்லிவிடுங்கள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது உறவினர் ஒருவர், 'தள்ளிவிட்டால் தானாக நீந்திவிடுவாள்' என்று ஆழமான பக்கத்தில் தள்ளிவிட்டார். மூக்கில் ஏறிய தண்ணீர் நெற்றிவரை எரிந்தது இன்னும் நினைவிருக்கிறது. அதன்பிறகு 34 வயதுவரை நான் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. ஆகவே யார் எந்த யோசனை சொன்னாலும் சரி, அவனைத் தள்ளவோ தூக்கிப் போடவோ விடாதீர்கள்.

பயந்துபோன உடம்பு மூச்சைப் பிடித்துக்கொள்ளும், தலையைத் தூக்கும். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். உடனே 'மூழ்குகிறேன்' என்று மனசு அலறும், பயம் இரட்டிப்பாகும். உண்மையில் நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானவர்களின் உடம்பு மிதக்கத்தான் செய்யும். அதை அவன் உடம்பே கண்டுபிடிக்க வேண்டும். நாம் சொல்லிப் புரியாது.

என் பயத்தைப் போக்கிய ஆசிரியை செய்ததை அப்படியே சொல்கிறேன். முதல் நாள் படிக்கட்டில் உட்கார்ந்து காலை நனைத்ததோடு சரி. அடுத்த நாள் வாயைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடச் சொன்னார். பிறகு மூக்கும் உள்ளே போகும்படி முகத்தை இறக்கி, 'ம்ம்ம்' என்று முனகச் சொன்னார். முனகும்போது மூக்கு வழியாகக் காற்று வெளியே வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் உள்ளே ஏறாது. இந்தச் சின்ன விஷயம் தெரிந்த அன்றே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அதன்பிறகுதான் மல்லாந்து மிதப்பது. உங்கள் ஒரு கை அவன் பிடரியின் கீழ், இன்னொரு கை முதுகின் கீழ். வயிற்றை மேலே தூக்கி, பார்வையை நேரே மேலே வைக்க வேண்டும். காதுக்குள் தண்ணீர் போனதும் வெளிச்சத்தம் எல்லாம் சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதியே சில பிள்ளைகளைப் பயமுறுத்தும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒவ்வொரு விரலாக எடுங்கள். எடுப்பதற்கு முன் சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாமல் கையை எடுத்து 'பார், நீயே மிதந்துட்டே!' என்று கைதட்டுவது நமக்குச் சந்தோஷமாக இருக்கும். அவனுக்கோ அடுத்த முறை உங்கள் கையின் மேல் நம்பிக்கை இருக்காது. இந்த விடுமுறையில் அவன் மிதக்கக் கற்றுக்கொண்டால் போதும். கை வீசி நீந்துவது அடுத்த விடுமுறைக்கு இருக்கட்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் மகள்தான். பயமில்லாத ஆறு வயதுப் பிள்ளைக்குத் தண்ணீரில்தான் ஆபத்து அதிகம். 2021-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த ஒரு கணத்தில் மூச்சு இழுக்கவே நேரம் போதாது, குரல் எங்கிருந்து வரும்? அதனால் பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியாமல் நடந்துவிடுகிறது.

நீங்கள் ஒருவராக இருந்து மகனுக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டே மகளையும் பார்த்துக்கொள்ள முடியாது. தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். ஒரு நாள் ஒருவரை மட்டும் அழைத்துப் போங்கள். அல்லது இன்னொரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஒரே வேலைதான்: கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று அவளையே பார்ப்பது. போன் பைக்குள் இருக்கட்டும். காற்றடித்த கைப்பட்டைகளை நம்பி விடாதீர்கள். அவை நழுவும், காற்றும் இறங்கும். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டியும் வேண்டாம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால், மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடக்கூடும்.

குளத்தில் மூக்கைத் துளைக்கிற வாடை அடித்தால், 'நல்லா மருந்து போட்டிருக்காங்க' என்று பலர் நினைக்கிறார்கள். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேரும்போதுதான் அந்த வாடை வரும், கண் சிவப்பதும் அதனால்தான். இறங்குவதற்கு முன் எல்லோரும் குளித்துவிட்டு இறங்கினால் அது குறையும். வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் யாரும் இறங்க வேண்டாம்.

இனி அட்டவணை. அதைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். வாரத்தில் மூன்று நாள் காலையில் நீச்சல், இரண்டு நாள் மாலையில் படம், இரண்டு நாள் அலமாரி வேலை. மற்ற நேரத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். 'போர் அடிக்குதும்மா' என்று வந்து நின்றால் உடனே எதையாவது எடுத்து நீட்டாதீர்கள், 'சரிடா' என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் சிணுங்குவார்கள். மூன்றாம் நாள் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் போர்வையை விரித்துக் குகை கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வெற்று நேரத்தில் ஒரு மணி நேரம் உங்களுக்கும் சொந்தம். அதையும் வேலையால் நிரப்பிவிடாதீர்கள்.

படத்தை ஒரு நாள் மகன் தேர்ந்தெடுக்கட்டும், இன்னொரு நாள் மகள். நீங்களும் கூடவே உட்கார்ந்து பாருங்கள், விளக்கை அணைத்து, தியேட்டர் மாதிரி. தன் முறை வரும்வரை காத்திருப்பதிலேயே அவர்களுக்கு அந்தப் படம் பெரிய விஷயமாகிவிடும். முடிந்ததும் ஒரு கணக்குச் சொல்லுங்கள்: சினிமாவில் ஒரு நொடிக்கு 24 அசையாப் படங்கள் ஓடுகின்றன, இரண்டு மணி நேர சினிமா என்றால் 1,72,800 அசையாப் படங்கள். சினிமாவின் முன்னோடிகளான லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28-இல் பாரிசில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுபவை. 'நாமும் ஒரு நிமிடப் படம் எடுக்கலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். போனை ஒரு புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்து, பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு போட்டோ. நொடிக்கு 12 போட்டோ இருந்தாலே பொம்மை நன்றாக நடக்கும்.

உங்கள் பட்டியலிலிருந்து பெயின்ட்டையும் சாமான் ஒழிப்பதையும் எடுத்துவிடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கலாம். அதைச் சுரண்டுகிற தூசியில் பிள்ளைகள் இருக்கவே கூடாது. அது பெரியவர்கள் தனியாகச் செய்ய வேண்டிய வேலை. அலமாரி மட்டும் இருக்கட்டும், அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள்.

வீட்டிலேயே உயரமான புத்தகத்தை மகன் தேடி எடுத்து அளக்கட்டும், தட்டுகளின் இடைவெளி அதிலிருந்து வரும். 18 மில்லிமீட்டர் பலகை என்றால் தட்டின் நீளம் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. நீளம் கூடினால் புத்தகச் சுமையில் நடுவே தொய்ந்துவிடும். பலகையைக் கடையிலேயே அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உப்புத்தாள் தேய்ப்பது முழுக்கப் பிள்ளைகளின் வேலை. முதலில் சொரசொரப்பான 80 எண் தாள், பிறகு 120, கடைசியில் நைசான 220. மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் தங்கிவிடும். தேய்க்கும்போது மூக்கு வாயை மூடிக்கொள்ளட்டும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பலகையைத் தடவச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பைக் கை காட்டிக்கொடுத்துவிடும். ஸ்க்ரூ போடுவதற்கு முன் சின்ன துளை ஒன்று போட்டுக்கொண்டால் பலகை பிளக்காது. டிரில் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அலமாரியைக் கண்டிப்பாகச் சுவரோடு சேர்த்து முடுக்குங்கள். உங்கள் மகளைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தால், தட்டுகளை ஏணியாக நினைத்து அவள் ஏறாமல் இருக்க மாட்டாள். இந்தக் கடைசி வேலையை ஒரு விடுமுறை நாளில் வைத்துக்கொண்டால் அவர்களின் அப்பாவும் கூட இருப்பார். மகனும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளட்டும். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை மகளிடம் கொடுத்து மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். குமிழி நடுவில் வந்து நின்றதும் அவளே கத்துவாள். அப்போது ஸ்க்ரூவை முடுக்குங்கள்.