குளிர் இரவைத் திலேப்பியா தாங்குமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் 1,000 லிட்டர் தொட்டி வைத்து, சரளைத் தட்டில் கீரையும் தக்காளியும் போட்டு அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடியும் வளர்க்கும் முறை) அமைத்திருக்கிறேன். கோடையில் வெயில் கடுமை. குளிர்காலத்தில் சில இரவுகள் 8 டிகிரி வரை இறங்கும். "திலேப்பியா விடுங்கள், எதையும் தாங்கும்" என்கிறார் மீன் குஞ்சு விற்பவர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். திலேப்பியா அழுக்கைத் தாங்கும், நெரிசலைத் தாங்கும், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் ஓரளவு சமாளிக்கும். குளிரைத்தான் தாங்காது. தண்ணீர் 17 டிகிரிக்குக் கீழே போனால் இரை எடுப்பது நின்றுவிடும். 10, 12 டிகிரியில் செத்து மிதக்கத் தொடங்கும். காற்று 8 டிகிரி என்றால் தண்ணீரும் உடனே 8 ஆகிவிடாது, சரி. ஆனால் உங்களிடம் இருப்பது குளமில்லை, தொட்டி. அந்தத் தண்ணீரும் இரவெல்லாம் சரளை வழியாக ஓடி ஓடிக் குளிர்கிறது. நாலைந்து குளிர் இரவு தொடர்ந்தால் போதும்.

உங்களுக்கு நான் சொல்வது சாதா கெண்டை. அழகுக்கு வேண்டுமானால் அதன் வண்ண வகையான கோய். வெயிலையும் குளிரையும் ஒரே மீன் தாங்க வேண்டுமென்றால் இதற்கு மிஞ்சியது குறைவு. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் தீனியை நிறுத்திவிடுங்கள். மீன் பட்டினியால் சாகாது, தின்னாத தீனி அழுகித்தான் சாகும். திலேப்பியாதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், குளிர் விட்டதும் விட்டு, அடுத்த குளிருக்குள் பிடித்துவிடுங்கள்.

விற்பவர் அடுத்து "எல்லாமே ஆண் குஞ்சு" என்பார். நானும் ஒருமுறை அப்படி நம்பி வாங்கினேன். நாலு மாதத்தில் சில மீன்கள் மட்டும் தீனிக்கு வராமல் ஓரமாக நின்றன, தாடைக்குக் கீழே உப்பியிருந்தது. ஏதோ நோய் என்று பயந்து ஒன்றைப் பிடித்துத் தொட்டுப் பார்த்தால், வாயிலிருந்து கொசு அளவு குஞ்சுகள் கொட்டுகின்றன! பெண் திலேப்பியா முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும். அப்புறம் தொட்டி முழுக்கப் பொடி மீன், ஒன்றும் வளரவில்லை. விற்றவரைக் கேட்டால் "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்றார்.

இதைவிட மோசம், வளர்ச்சி நின்றுபோன பழைய மீனைப் புதுக் குஞ்சு என்று தள்ளிவிடுவது. உடம்புக்குப் பொருந்தாமல் தலையும் கண்ணும் பெரிதாக, முதுகு மெலிந்திருந்தால் அது வயதான குஞ்சு. வாங்காதீர்கள். பை கட்டுவதற்கு முன்பே பகலில் நேரில் போய்ப் பாருங்கள்; கட்டிய பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

"மின்சாரம் போனாலும் சாகாது" என்று விராலையும் கெளுத்தியையும் காட்டுவார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். விராலும் கெளுத்தியில் சில வகைகளும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்கள், ஆகவே பம்ப் நின்றாலும் பிழைக்கும். ஆனால் உங்கள் தொட்டியில் மீன் மட்டுமா உயிரோடு இருக்கிறது? மீன் வெளியேற்றும் அம்மோனியாவைச் செடிக்கு ஏற்ற நைட்ரேட்டாக மாற்றுபவை சரளையில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள். அவற்றுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். மீன் நலமாக மூச்சுவிடுவதைப் பார்த்து நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். கீழே பாக்டீரியா செத்துக்கொண்டிருக்கும். இரண்டு நாள் கழித்து அம்மோனியா ஏறும், அப்போது எந்த மீனுக்கும் உத்தரவாதமில்லை. விரால் தொட்டியை விட்டுத் துள்ளிப் போகும், சின்னதைப் பெரியது விழுங்கும் என்பதும் உண்டு. ஆகவே எந்த மீன் விட்டாலும் ஏர் பம்ப்புக்கு ஒரு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். மீனை மாற்றி இதைத் தவிர்க்க முடியாது.

கோடையில் பயம் வேறு: தண்ணீர் சூடாக ஆக, அதில் தங்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் தங்குமென்றால், 30 டிகிரியில் ஏழரைதான். தொட்டிக்கு நிழல் கொடுங்கள்.

எத்தனை மீன்? வளர்ந்த நிலையில் மொத்தம் 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அரைக் கிலோ மீனாக 20. விற்பவர் 100 சொல்வார், அவர் கணக்கு அவருக்கு. அரசாங்கக் கையேட்டைப் பார்க்கலாமென்றால் அதில் ஏக்கர் குளத்துக்கு எத்தனை ஆயிரம் குஞ்சு என்றுதான் இருக்கும். ஒரு தொட்டிக்காரனுக்குப் பதில் சொல்ல எந்த மேசையிலும் ஆள் இல்லை. இருந்தாலும் திலேப்பியாவுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, அனுமதி வேண்டுமா என்பதை மட்டுமாவது கேட்டுவிடுங்கள். அதற்கும் நாலு முறை நடக்க விடுவார்கள், நடங்கள்.

இப்போதே தொட்டியில் கெண்டையை இறக்க வேண்டாம். பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை நாலைந்து தங்கமீன்களை விட்டு, தீனியைக் குறைத்துப் போட்டு, தண்ணீரைச் சோதிக்கும் கிட் (சோதனைப் பெட்டி) கொண்டு வாரம் இரண்டு முறை பாருங்கள். அம்மோனியாவும், அது நைட்ரேட்டாக மாறும் வழியில் உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் குஞ்சு வாங்குங்கள். பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, குஞ்சுகளை வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.