கைரேகைக்குப் பிறகு வரும் 48 மணி நேரம்

கேள்வி: டெக்சஸில் டல்லாஸ் அருகே இருக்கும் என் தங்கை மகன் மாணவர் விசாவில் போனவன். படிப்பை இடையில் நிறுத்தியதால் விசாத் தகுதி போய்விட்டது. ஓட்டுநர் உரிமமும் காலாவதியாகிவிட்டது. போலீசார் வண்டியை நிறுத்தினால் குடிவரவுத் துறையிடம் ஒப்படைத்துவிடுவார்களா? நியூ ஜெர்சியில் அப்படிச் செய்வதில்லை என்கிறார்களே?

பதில்: அஞ்ச வேண்டியது சாலையை அல்ல, கவுன்ட்டி எனப்படும் மாவட்டத்தின் சிறையில் கைரேகை எடுக்கும் மேசையை. தகுதியின்றித் தங்கியிருப்பது மட்டுமே பொதுவாகக் குற்றமாகாது என்று 2012-இல் அரிசோனா மாநில வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் செல்லாத உரிமத்தோடு ஓட்டியதற்காகவோ வேறு எதற்காகவோ கைதாகிச் சிறைக்குப் போனால், அங்கே வைக்கும் ரேகை எஃப்பிஐ வழியாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுத்தளத்துக்குப் போய்விடும். நியூ ஜெர்சியும் இதற்கு விலக்கல்ல. விசாவுக்காக இந்தியாவில் வைத்த ரேகை ஏற்கெனவே அங்கே இருப்பதால், பெயரை மாற்றிச் சொல்லியும் பயனில்லை.

மாநிலங்கள் வேறுபடுவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஆளை அடையாளம் கண்டதும் ஐசிஇ எனப்படும் குடிவரவு அமலாக்கப் பிரிவு, விடுதலை நேரத்துக்குப் பிறகும் 48 மணி நேரம் வரை அவரை வைத்திருக்கும்படி ‘டிடெய்னர்’ என்ற படிவத்தைச் சிறைக்கு அனுப்பும். அதில் நீதிபதியின் கையெழுத்து இருக்காது. அது வேண்டுகோளே தவிரக் கட்டளை அல்ல என்று பிலடெல்பியாவில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. கடுமையான குற்றச்சாட்டோ, அண்மைய குற்றத் தண்டனையோ, நாட்டைவிட்டு வெளியேற்றும் இறுதி உத்தரவோ இல்லாதவர்களை அப்படி நிறுத்திவைக்கக் கூடாது என்பது 2018-இல் நியூ ஜெர்சி அட்டர்னி ஜெனரல் பிறப்பித்த பணிப்புரை. டெக்சஸிலோ 2017-இன் எஸ்.பி. 4 என்ற மாநிலச் சட்டப்படி சிறைகள் இணங்கியே ஆக வேண்டும். மறுத்தால், கவுன்ட்டி சிறையை நடத்தும் ஷெரிஃப் என்ற அதிகாரி மீதே குற்ற வழக்கு வரலாம்.

உறவினர்கள் பதறிப்போய் உடனே ஜாமீன் கட்டிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். டிடெய்னர் இருக்கும்போது கட்டினால் அந்த 48 மணி நேரம் அப்போதுதான் ஓடத் தொடங்கும். பையன் வீட்டுக்கு வருவதற்குப் பதில் ஐசிஇ வண்டியில் ஏற நேரிடும். எனவே டிடெய்னர் வந்திருக்கிறதா என்று முதலில் சிறையில் விசாரித்து, குடிவரவு வழக்கறிஞரையும் கலந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். கெடு முடிந்தும் யாரும் வரவில்லையென்றால், விடுவிக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். அபராதத்தோடு முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஆபத்து; அதன் குடிவரவு விளைவை எடுத்துச் சொல்வது குற்ற வழக்கறிஞரின் கடமை என்பது 2010-இலேயே உச்ச நீதிமன்றம் வகுத்த விதி.

இன்றே செய்ய வேண்டியது, அவனைக் கார் சாவியைக் கீழே வைக்கச் சொல்வது. தகுதி போய் ஐந்து மாதம் ஆகவில்லையென்றால், கல்லூரியில் மீண்டும் சேர்ந்து, படிப்பு நின்றதற்குத் தன் கையை மீறிய காரணத்தைக் காட்டி, மாணவர் தகுதியை மீட்க அவன் விண்ணப்பிக்கலாம்.