இரண்டு சில்லில் ஒரு வீடு

பயணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பரந்தனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: டென்மார்க்கில் இருக்கும் மகள் வருகிற ஆடி மாதம் எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். ஃபானோ என்ற சின்னத் தீவில் ஒரு கிழமை கரவனில் தங்கப் போகிறோமாம். கரவனுக்கு முன்பக்கத்தில் கூடாரமும் அடிப்பார்களாம். எனக்கு 64 வயது, முழங்கால் நோ வேறு. 2009இல் பட்ட பாட்டுக்குப் பிறகு தறப்பாளையோ கூடாரத்தையோ கண்டால் மனம் ஒடுங்கிவிடுகிறது. ஆசையாகக் கூப்பிடும் பிள்ளையிடம் இதைச் சொல்லவும் முடியவில்லை. போகலாமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: போங்கள் தங்கச்சி. மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்தக் கூடாரத்தைப் பற்றிப் பேசுவோம்.

நானும் முகாமில் இருந்து வந்தவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் மகன் என்னையும் அதே ஃபானோவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனான். கரவனின் பக்கத்தில் கூடாரத் துணியை விரித்துவிட்டு, ஒரு நுனியைப் பிடிக்கச் சொன்னாள் மருமகள். வெயிலில் சூடேறிய அந்தத் துணியின் மணம் மூக்கில் ஏறியதும் என் கை நடுங்கிவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கதிரையை எடுத்து வெளியே, கடல் காற்று வரும் பக்கமாகப் போட்டு, "மாமி, நீங்கள் இதில் இருங்கோ" என்றாள். அன்று பின்னேரம் நானே மகனிடம் சொல்லிவிட்டேன்: நான் படுப்பது உள்ளேதான், கதவுக்குப் பக்கத்துக் கட்டிலில், கதவின் கொளுக்கி என் கைக்கு எட்ட வேண்டும். அவன் பிள்ளைகளை மற்றப் பக்கம் மாற்றிவிட்டு எனக்கு அந்த இடத்தைத் தந்தான். முதல் இரவு இரண்டு தரம் எழும்பிக் கதவைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் இரவு விடியும்வரை நித்திரை.

ஆகவே மகளிடம் இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். அங்கே போய் முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தால் அவளுக்குத்தான் துக்கம். 2009இல் அவளும் சின்னப் பிள்ளை அல்லவா? அவளுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

இனிக் கரவன். காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகும் வீடு அது. இரண்டு சில்லில் ஓடும். நிறுத்தியதும் நான்கு மூலையிலும் இரும்புக் காலை இறக்கி மட்டம் பார்த்துவிடுவார்கள், பிறகு ஆடாது. உள்ளே கட்டில், மேசை, சின்னக் குளிர்சாதனப் பெட்டி, காஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி எல்லாம் இருக்கும். சின்ன மலசலகூடமும் உண்டு. அதன் அடியில் இருக்கும் பெட்டியை இழுத்தெடுத்து, அதற்கென்று இருக்கும் இடத்தில் ஊற்றிக் கழுவ வேண்டும். அதை மகன் செய்தான், எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அங்கே எல்லா ஆண்களும் காலையில் அந்தப் பெட்டியோடு நடந்து போவதைப் பார்த்த பிறகு கூச்சம் போய்விட்டது. குளிக்கப் பொதுக் குளியலறை இருக்கிறது, சுடுதண்ணீர் வரும்.

முழங்காலுக்கு: வாசற்படி உயரம். ஒன்றுக்கு இரண்டாக அகலப் படி வைக்கச் சொல்லுங்கள், பிடிக்க ஒரு கம்பியும் வேண்டும். இராத்திரிக்கு ரோர்ச் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

சமையலை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் மிளகாய்த்தூளும் கோதுமை மாவும் கொண்டு போனேன், புட்டும் சம்பலும் அங்கேயே செய்தேன். மீன் பொரிப்பதை மட்டும் வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், மெத்தைக்குள் புகுந்த வாசம் ஒரு கிழமைக்கும் போகாது. ஒன்றை மனதில் பதியுங்கள்: இரவில் குளிர்கிறது என்று அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு படுக்கக்கூடாது. காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்கவும் கூடாது. மணமில்லாத நச்சு வாயு உள்ளே நிறைந்து ஆளைக் கொன்றுவிடும். குளிருக்கு இன்னொரு போர்வையும் கம்பளிக் காலுறையும் போதும்.

ஃபானோவுக்கு எஸ்பியர் துறைமுகத்திலிருந்து போக வேண்டும். கார் ஏற்றும் கப்பல் 12 நிமிடத்தில் கொண்டு போய் இறக்கிவிடும். சங்குப்பிட்டியில் 2011இல் பாலம் திறக்குமுன் பூநகரியிலிருந்து கேரதீவுக்குப் 'பாதை' என்ற மிதவையில் கடலைக் கடந்து போவோமே, எனக்கு அந்த நினைவுதான் வந்தது. போகும் வழியில் மணல் திட்டில் கடல்நாய்கள் படுத்திருப்பதைக் காணலாம், பேரப்பிள்ளைகளை வலப்பக்கமும் இடப்பக்கமும் ஓட விடுங்கள். தீவு நீளவாக்கில் ஏறக்குறைய 16 கிலோமீற்றர்தான். மேற்குக் கரை முழுவதும் வெள்ளை மணல், அதுவும் கார் ஓடக்கூடிய அளவுக்கு இறுகிய மணல். பகலில் காரைக் கடலோரம் வரை கொண்டு போகலாம், உங்கள் காலுக்கு அது பெரிய உதவி. இரவில் கரையில் தங்க விடமாட்டார்கள், கரவன் நிறுத்தும் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். வற்றும்போது கடல் வெகுதூரம் உள்ளே போகும். அதை நம்பித் திட்டுகளைத் தேடி நடக்காதீர்கள், ஏறும்போது வேகமாக ஏறும்.

புயற்காற்று அடித்த மறுநாள் காலையில் கரையில் ஒதுங்கிய பாசிக்குள் ஆட்கள் குனிந்து எதையோ தேடுவார்கள். அது அம்பர், பழங்கால மரப்பிசின் கல்லாகிப் போனது. கையில் எடுத்தால் கல்லைப் போலக் குளிராது, பாரமும் இல்லை. எனக்கு மூன்று நாள் தேடி உளுந்தளவு ஒன்று கிடைத்தது. இப்போதும் சாமித்தட்டில் இருக்கிறது. தெற்கு முனையில் சென்டர்ஹோ என்று ஒரு கிராமம், வைக்கோல் போல ஒன்றால் வேய்ந்த கூரைகள். அங்கே தேவாலயத்துக்குள் கூரையிலிருந்து கப்பல் மாதிரிகள் தொங்குகின்றன. கடலுக்குப் போனவர்களின் ஊர் என்பது பார்த்ததும் தெரியும்.

எங்கள் குடும்பம் கரவனை வைத்த இடத்தை விட்டு அசைக்கவே இல்லை. எனக்குப் பிடித்ததும் அதுதான். தினம் ஓர் ஊர் என்று இழுத்துக்கொண்டு திரிந்தால் கூடாரம் பிரிப்பதும் அடிப்பதுமே வேலையாகிவிடும். மகளிடம் இதையும் சொல்லுங்கள்: ஏழு நாளும் ஒரே இடம்.

விசாவுக்கு ஷெங்கன், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, விண்ணப்பம் போட வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக் கைப்பையில் வையுங்கள். ஆடியில் இரவு பத்து மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும், கண்ணைக் கட்ட ஒரு கறுப்புத் துணி எடுத்துப் போங்கள்.

கேள்வி: எங்களிடம் ஹையேஸ் வான் ஒன்று நிற்கிறது. பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டு, ஆவணியில் அம்மா அப்பாவோடு மன்னார்த் தீவில் நாலு நாள் வானிலேயே தங்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: நல்ல யோசனை தம்பி, ஆனால் ஆவணி வேண்டாம். அப்போது சோளகம் வீசும். மன்னாரின் தெற்குக் கரையில் 2020இல் ஓடத் தொடங்கிய 30 காற்றாலைகளும் சும்மா அங்கே நிற்கவில்லை. சோற்றுக்குள் மணல் விழும், அம்மா ஒரு நேரம்கூட நிம்மதியாகச் சமைக்க மாட்டார். மாசி, பங்குனியில் போங்கள். கடலும் அடங்கியிருக்கும், வலசை வந்த பூநாரைகளும் தாம்போதிப் பக்கம் நிற்கும்.

இருக்கையைக் கழற்றாதீர்கள். மடித்துவிட்டு மேலே பலகை போட்டு மெத்தையை விரியுங்கள். பரந்தன், பூநகரி, பிறகு முழங்காவில், வெள்ளாங்குளம் வழியாக ஏ32 வீதியில் இறங்கினால் அவசரமில்லாத ஒரு நாள் பயணம். 2010இல் திறந்த பாலத்தைத் தாண்டியதும் போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய கோட்டை தெரியும்.

இரவில் வெறுங்கடற்கரையில் நிறுத்த வேண்டாம். கரைவலை இழுப்பவர்கள் விடியமுன் வருவார்கள், அவர்கள் தொழில் செய்யும் இடம் அது. மணலும் வானின் சில்லை விழுங்கிவிடும். பேசாலைப் பக்கமோ தலைமன்னார்ப் பக்கமோ விருந்தினர் விடுதி ஒன்றில் கேட்டு, அவர்கள் வளவுக்குள் பனை நிழலில் நிறுத்துங்கள். வாடகை கொடுத்துவிட்டால் கிணறும் குளியலறையும் கிடைக்கும். குடிதண்ணீரை வீட்டிலிருந்தே இரண்டு மூன்று கலனில் எடுத்துப் போங்கள், தீவில் பல கிணறுகள் உவர். யன்னலைத் திறந்து நுளம்புவலையைக் கட்டிவிடுங்கள், மூடிய வானுக்குள் படுக்கக்கூடாது. கழுதைகள் இரவில் வானைச் சுற்றி வரும், பாண் போட்டுப் பழக்காதீர்கள்.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் கீழ் ஒரு காலை. அடிச்சுற்று 19 மீற்றருக்கு மேல், அப்பாவைக் கையை விரித்து நிற்கச் சொல்லிப் படம் எடுங்கள். தலைமன்னார் பழைய இறங்குதுறையில் ஒரு பின்னேரம். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இங்கிருந்து இராமேஸ்வரத்துக்குத்தான் கப்பல் ஓடியது. என் அப்பா அதில் போய் வந்தவர், அந்த வயதுக்காரர் உங்கள் வீட்டில் யாரும் இருந்தால் கட்டாயம் அங்கே கூட்டிப் போய்ப் பேச விடுங்கள். மிச்ச நேரத்துக்குப் பாய் ஒன்றும் தேத்தண்ணிப் போத்தலும் போதும்.

கேள்வி: இரணைதீவில் இப்படித் தங்கலாமா?
– வாசகி, ஜெயபுரம்

பதில்: வானைக் கொண்டு போக வழியில்லை. இரணைமாதாநகரிலிருந்து படகில்தான் போக வேண்டும். 1992இல் இடம்பெயர்ந்த சனம் ஒரு வருடம் போராட்டப் பந்தலில் இருந்துவிட்டு, 2018இல் படகுகளில் போய் இறங்கி மீட்டெடுத்த மண் அது. இன்னும் வீடு, தண்ணீர், தொழில் என்று கட்டியெழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒருவரைத் தெரிந்து, அவர் கூப்பிட்டால் போங்கள். அரிசியும் தேயிலையும் சீனியும் கொண்டு போங்கள், திரும்பும்போது அவர்களின் நண்டையும் கருவாட்டையும் சொன்ன விலைக்கே வாங்குங்கள்.